சிம்னியில் கரி பற்றவில்லை என்றால்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் கிரில் அடுப்புகளை வாடகைக்குக் கொடுத்து வருகிறேன். மொட்டைமாடி விருந்துகளுக்கும், கடலோரத் தோப்புகளில் வந்து தங்குபவர்களுக்கும் அடுப்பு, கம்பிவலை, கரி, கரி மூட்டும் சிம்னி ஸ்டார்ட்டர் ஆகியவை ஒன்றாகப் போகும். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் எனக்கு வரும் அழைப்புகளில் முக்கால்வாசி அந்தச் சிம்னியைப் பற்றியவையே. வஞ்சிரத் துண்டுகள் மசாலாவில் ஊறிக்கொண்டிருக்கும், விருந்தினர் வந்து உட்கார்ந்திருப்பார்கள், கரி மட்டும் பற்றியிருக்காது.

அந்த அழைப்புகளில் நான் கேட்கும் கேள்விகளையும் சொல்லும் விடைகளையும் ஏறக்குறைய அதே வரிசையில் இங்கே எழுதியிருக்கிறேன். ஒவ்வோர் அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணம் முதலில் வரும். பணம் பிடிக்கும் காரணம் கடைசியில் வரும். “கரி சரியில்லை” என்பதைத்தான் எல்லோரும் முதலில் சொல்கிறார்கள். நான் அதைக் கடைசியாகத்தான் நம்புவேன்.

சரியாக எரியும் சிம்னி எப்படி இருக்கும்

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் சிம்னி 19 செ.மீ. விட்டமும் 30 செ.மீ. உயரமும் உள்ள இரும்புக் குழல். அடியிலிருந்து 8 செ.மீ. உயரத்தில் உள்ளே ஒரு கம்பித்தட்டு இருக்கிறது. தட்டுக்குக் கீழே தாள், மேலே கரி, குழலின் அடிப்பகுதியைச் சுற்றிக் காற்றுத் துளைகள்.

தாளுக்குத் தீ வைத்த முதல் மூன்று நிமிடங்களில் துளைகளின் வழியாகச் சுவாலை தெரியும். அதன் பிறகு அடர்ந்த வெள்ளைப் புகை ஐந்து நிமிடம் போல வரும். இது இயல்பு, இதைக் கண்டு பதற வேண்டியதில்லை. பத்தாவது நிமிடத்தில் புகை மெலிந்து, துளைகளின் வழியே குனிந்து பார்த்தால் கங்கு சிவந்து தெரியும். பதினைந்திலிருந்து இருபது நிமிடத்துக்குள் மேலடுக்குக் கரியின் ஓரங்களில் சாம்பல் படிந்து, இடுக்குகளில் சிறு நீலச் சுவாலை எட்டிப் பார்க்கும். அப்போது கொட்டலாம். கொட்டாங்குச்சிக் கரியை அரைத்து அழுத்திச் செய்த கட்டிகளாக இருந்தால் இருபத்தைந்து முதல் முப்பது நிமிடம் ஆகும். இந்த ஒழுங்கு எந்த இடத்தில் மாறுகிறதோ, அதைத்தான் கீழே உள்ள தலைப்புகளில் தேட வேண்டும்.

அறிகுறி 1: தாள் எரிந்து முடிந்துவிடுகிறது, கரி கறுப்பாகவே இருக்கிறது

சனிக்கிழமை அழைப்புகளில் பாதி இதுதான். காரணங்களை இந்த வரிசையிலேயே பாருங்கள். இரண்டாவதைப் பார்க்காமல் மூன்றாவதற்குத் தாவ வேண்டாம்.

சிம்னி எதன் மேல் நிற்கிறது?

முதல் கேள்வி இதுவே. சிமெண்டுத் தரையிலோ தட்டோட்டின் மீதோ சிம்னியைப் பட்டென்று வைத்துவிட்டால் பக்கவாட்டுத் துளைகள் மட்டுமே காற்றை இழுக்கும். அடிப்பக்கம் முழுவதும் அடைபட்டுக் கிடக்கும். வீராம்பட்டினம் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பில் தங்கியிருந்தவர்கள் நான்கு முறை தாள் கொளுத்தியும் பற்றவில்லை என்று அழைத்தார்கள். நேரில் போய்ப் பார்த்தபோது சிம்னியை மணலில் வைத்து, ஆடாமல் இருக்கட்டும் என்று இரண்டு விரற்கடை ஆழத்துக்கு அழுத்தியும் வைத்திருந்தார்கள். கீழ்வரிசைத் துளைகள் எல்லாம் மணலுக்குள் இருந்தன. தூக்கி இரண்டு செங்கற்களின் மேல், நடுவில் நான்கு விரல் இடைவெளி விட்டு வைத்தோம். அதே கரியும் அதே நாளிதழும் பதினெட்டு நிமிடத்தில் தயாராகிவிட்டன.

செங்கல் இல்லாவிட்டால் கிரில் அடுப்பின் கீழ்வலை மேலேயே சிம்னியை வைக்கலாம். தீயும் அடுப்புக்குள்ளேயே இருக்கும் என்பதால் எனக்கு இதுவே பிடித்த முறை. ஆனால் அடுப்பின் அடிக்காற்றுக் கதவு திறந்திருக்க வேண்டும்.

மொட்டைமாடித் தட்டோட்டின் மேல் நேரடியாக வைக்க வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சூட்டில் தட்டோடு விரிசல் விட்டால் அடுத்த ஐப்பசி மழையில் கூரை ஒழுகத் தொடங்கும். அதைச் சரிசெய்யக் கொத்தனாரைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும். ஒரு வேளை மீனுக்கு அது மிக அதிகமான விலை.

தாளை எப்படி வைத்தீர்கள்?

நாளிதழின் இரண்டு முழுத் தாள்கள் போதும். அவற்றை உருண்டையாகக் கசக்கித் திணித்தால் நடுவில் காற்று போகாமல் வெளிப்புறம் மட்டும் கருகி அணைந்துவிடும். தாளைத் தளர்வான கயிறு போல முறுக்கி, சும்மாடு கட்டுவது போல வளையமாகச் சுற்றி, நடுவில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விட்டு வையுங்கள். பளபளப்பான விளம்பரத் தாள், வழவழப்பான வார இதழ்த் தாள் ஆகியவை சுடர்விட்டு எரிவதில்லை. சுருண்டு, தகடு தகடாகச் சாம்பலாகிக் கம்பித்தட்டை அடைத்துக்கொள்ளும்.

தாள் நன்றாக எரிந்தும் மூன்று நிமிடத்துக்குத் தாக்குப்பிடிக்கவில்லை என்றால், முறுக்கிய தாளின் மேல் ஒரு தேக்கரண்டி சமையல் எண்ணெயைத் தெளித்துக்கொள்ளுங்கள். எரியும் நேரம் கணிசமாகக் கூடும். முட்டைக் கடையில் கிடக்கும் காகிதக்கூழ் அட்டையைக் கிண்ணம் கிண்ணமாகக் கிழித்து, உருக்கிய மெழுகுவர்த்தியில் தோய்த்து ஆறவைத்தால், அதில் ஒன்றே ஒரு சிம்னிக்குப் போதும். நான் வாடகைக்குக் கொடுக்கும் ஒவ்வொரு தொகுப்பிலும் இரண்டு கிண்ணங்களை வைத்து அனுப்புகிறேன். அதன் பிறகு அழைப்புகள் கண்கூடாகக் குறைந்தன.

கடலூர் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு இதுகூடத் தேவையில்லை. சவுக்குத் தோப்பில் உதிர்ந்து கிடக்கும் காய்ந்த சருகும் அதன் சிறு காய்களும் தாளைவிட நன்றாகப் பற்றும். இரண்டு கைப்பிடி சருகைத் தாளோடு சேர்த்து வையுங்கள். தென்னம்பன்னாடையும் நல்லதுதான், நன்கு காய்ந்திருக்க வேண்டும்.

மண்ணெண்ணெய், பெட்ரோல், கைகழுவும் கிருமிநாசினி ஆகியவற்றை எந்த நிலையிலும் சிம்னிக்குள் ஊற்ற வேண்டாம். கறுப்பாகத் தெரியும் கரிக்கு அடியில் ஒரே ஒரு கங்கு உயிரோடு இருந்தால் போதும். ஊற்றும்போது எழும் ஆவியில் தீப்பிடித்துச் சுவாலை கையிலிருக்கும் புட்டிவரை ஓடிவரும். கிருமிநாசினியின் சுவாலை வெயிலில் கண்ணுக்கே தெரியாது என்பதால் அது இன்னும் மோசம்.

கரியில் ஈரம் உண்டா?

கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் வீட்டில், வாய் கட்டாத சாக்கில் இருக்கும் கரி மழை படாமலே ஈரம் இழுத்துக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை இதுவே எனக்கு முதன்மையான தொல்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது எங்கள் கிடங்கில் தண்ணீர் நுழையவில்லை. சாக்குகளும் தொட்டுப் பார்க்க உலர்ந்தே இருந்தன. ஆனாலும் அடுத்த பத்து நாட்களுக்கு ஒரு கரியும் ஒழுங்காகப் பற்றவில்லை. கரியின் மேற்புறம் விரைவில் காய்ந்துவிடுகிறது, உள்ளே ஈரம் தங்கிவிடுகிறது. தொட்டுப் பார்த்து முடிவுசெய்ய முடியாது என்பதை அப்போதுதான் கற்றுக்கொண்டேன்.

கண்டுபிடிக்க இரண்டு சோதனைகள் உண்டு. இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்த கரி ஓட்டுச் சில்லைப் போலக் கணீரென்று ஒலிக்கும். ஈரக் கரி மொத்தென்று மழுங்கலாக ஒலிக்கும். ஐயம் தீரவில்லை என்றால் ஐந்தாறு துண்டுகளை நிறமில்லாத பிளாஸ்டிக் உறையில் போட்டு வாயைக் கட்டி, ஒரு மணி நேரம் நல்ல வெயிலில் வையுங்கள். உறையின் உட்புறத்தில் நீர் முத்துக்கள் கோத்தால் கரி ஈரம்தான்.

ஈரம் என்று தெரிந்தால் பழைய பாயிலோ தகரத்திலோ ஒரே அடுக்காகப் பரப்பி இரண்டு முழு வெயிலில் காயவிட்டு, மாலையில் எடுத்து மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் வைத்து இறுக மூடிவிடுங்கள். அன்றைக்கே வேண்டும் என்றால் சிம்னியைப் பாதி அளவு மட்டும் நிரப்பி, தாளை இரண்டு முறை மாற்றி எரியுங்கள். முதல் தாள் கரியைக் காய வைப்பதற்கு, இரண்டாவது பற்ற வைப்பதற்கு என்று கணக்கு வைத்துக்கொண்டால் பொறுமை போகாது.

கம்பித்தட்டில் தூள் அடைத்திருக்கிறதா?

சாக்கின் அடியிலிருந்து கரியை அள்ளினால் பாதி தூளும் குருணையுமாகத்தான் வரும். அதை அப்படியே கொட்டினால் குருணை இடுக்குகளில் இறங்கி, காற்று மேலே ஏற வழியில்லாமல் அடைத்துவிடும். மணல் சலிக்கும் சல்லடையில் ஒரு முறை சலித்துவிட்டுப் போடுங்கள். துண்டுகள் கோழிமுட்டை அளவிலிருந்து எலுமிச்சை அளவுக்குள் இருப்பது நல்லது. உள்ளங்கையைவிடப் பெரிய கட்டைகளை உடைத்துக்கொள்ள வேண்டும். சிறியவை கீழேயும் பெரியவை மேலேயும் போக வேண்டும்.

இத்தனையும் சரியாக இருந்தால் மட்டுமே கரியைச் சந்தேகியுங்கள்

நம் சந்தையில் கிடைப்பது பெரும்பாலும் சீமைக்கருவேலங்கரி. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்து மூட்டங்களிலிருந்து, அதாவது விறகை அடுக்கி மண்ணால் மூடி எரிக்கும் கரிச்சூளைகளிலிருந்து, வருகிறது. நன்றாக வெந்த சீமைக்கருவேலங்கரி கனமானது, பற்றச் சற்றே தாமதமாகும், பற்றிவிட்டால் நீண்ட நேரம் நிற்கும். ஒரு துண்டை உடைத்துப் பாருங்கள். உள்ளே பளபளவென்ற கறுப்பாக இருந்தால் கரி நல்லது. பழுப்பாக, மர நார் தெரிய இருந்தால் அது மூட்டத்தில் வேகாத கட்டை. சாக்கில் ஒன்றிரண்டு இருப்பது வழக்கம், பொறுக்கி எறிந்துவிடலாம். ஐந்தில் ஒன்று அப்படி இருந்தால் சாக்கைக் கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் செய்யக்கூடியது வேறொன்றும் இல்லை.

எந்தக் கடையில் வாங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். உங்கள் தெருவில் கரிப்பெட்டியில் துணி தேய்ப்பவர் இன்னும் இருந்தால், அவர் எங்கே வாங்குகிறார் என்று கேளுங்கள். புகை வந்தாலும் பொறி தெறித்தாலும் அடுத்தவர் வெள்ளை வேட்டிக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆகவே மோசமான கரியை இரண்டாம் முறை வாங்க மாட்டார்.

அறிகுறி 2: பத்து நிமிடம் தாண்டியும் புகை நிற்கவில்லை

புகையின் நிறத்தைப் பாருங்கள்.

வெள்ளைப் புகை, கண்ணில் அவ்வளவாக எரிச்சல் இல்லை

ஈரம்தான். மேலே சொன்ன சோதனைகளே போதும். சிம்னியைத் தொடாமல் இன்னும் பத்து நிமிடம் விட்டுவிட்டால் பெரும்பாலும் தானாகவே தெளிந்துவிடும். குச்சியை விட்டுக் கிளறுவதால் குருணைதான் இறங்கும்.

மஞ்சள் கலந்த புகை, விறகு நெடி

வேகாத கட்டை கலந்திருக்கிறது. கொட்டிய பிறகும் அந்தத் துண்டு மட்டும் தனியாகப் புகைவதால் எது என்று எளிதில் தெரியும். இடுக்கியால் எடுத்து ஓரமாக, மண் நிரப்பிய வாளியில் போட்டுவிட்டு மற்றதில் சமைக்கலாம். இந்தப் புகையில் மீனைச் சுட்டால் கசக்கும்.

கறுப்புப் புகை, எண்ணெய் நெடி

தாளில் எண்ணெய் கூடிவிட்டது, அல்லது சாயம் பூசிய மரத்துண்டோ பிளாஸ்டிக் உறையோ கூடவே போய்விட்டது. முதலாவதென்றால் இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். இரண்டாவதென்றால் அந்தக் கரியைச் சமையலுக்குப் பயன்படுத்த வேண்டாம்; முழுவதையும் எரிய விட்டுப் புதிதாக மூட்டுங்கள்.

கண்ணும் தொண்டையும் எரிக்கும் காரப் புகை

பண்ருட்டி, நெய்வேலிப் பக்கத்து முந்திரிக் காடுகளுக்கு அருகில் இருப்பவர்கள் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். முந்திரிக்கொட்டை ஓடு தீக்குச்சி காட்டியதும் எண்ணெய் கொப்பளிக்கப் பற்றிக்கொள்ளும் என்பதால், கரி மூட்ட அதை ஒரு கைப்பிடி போடும் பழக்கம் சிலருக்கு உண்டு. அந்த எண்ணெய் தோலைப் புண்ணாக்கும் தன்மையுடையது; அதன் புகை கண்ணையும் மூச்சுக்குழலையும் உறுத்தும். சமையல் நெருப்புக்கு அது ஒருபோதும் ஆகாது. ஏற்கெனவே போட்டிருந்தால் விலகி நின்று முழுவதும் எரிய விடுங்கள். ஓட்டைக் கையால் அள்ளியிருந்தால் அதே கையால் கண்ணைத் துடைக்காமல் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தோலில் கொப்புளம் எழுந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அறிகுறி 3: பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல்

இங்கே சோதனை எதுவும் கிடையாது. உடனே எல்லோரும் திறந்த வெளிக்கு வாருங்கள்.

மழை பிடித்துக்கொண்டதும் பற்றிய சிம்னியை அப்படியே வண்டி நிறுத்தும் கொட்டகைக்குள்ளோ சமையலறைக்குள்ளோ தூக்கிச் செல்லும் வழக்கத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எரியும் கரியிலிருந்து வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, நெடியும் இல்லை. புகை நின்று கங்கு அழகாகச் சிவந்திருக்கும் வேளையிலும் அது வந்துகொண்டேதான் இருக்கும். புகை இல்லை, ஆகவே ஆபத்தில்லை என்ற கணக்கு தவறு. ஜன்னல் ஒன்றைத் திறந்து வைப்பது போதாது. யாராவது மயங்கினால், குழம்பிப் பேசினால், எழுந்து நிற்க முடியாமல் தள்ளாடினால் 108-ஐ அழையுங்கள். கரிப் புகைக்கு அருகில் இருந்தார் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். தலைவலி மட்டும் என்றாலும், வெளியே வந்த பிறகும் குறையாவிட்டால் மருத்துவமனைக்குப் போய்விடுவதே நல்லது.

மழை வந்தால் நான் சொல்வது இதுதான்: அன்றைக்குத் தவாவில் பொரித்துக்கொள்ளுங்கள், வாடகையை அடுத்த வாரத்துக்கு மாற்றித் தருகிறேன்.

அறிகுறி 4: கீழே கங்காகிவிட்டது, மேலே கறுப்பாகவே நிற்கிறது

பெரும்பாலும் இதில் பிழையே இல்லை, பொறுமைதான் குறைவு. இருபது நிமிடம் முழுதாக ஆகட்டும். அதன் பிறகும் அப்படியே இருந்தால், விளிம்புக்கு மேல் குவித்து நிரப்பியிருக்கிறீர்களா என்று பாருங்கள். விளிம்பிலிருந்து இரண்டு விரல் இறக்கமாக நிரப்புவதே சரியான அளவு. அதுவும் சரியென்றால் நடுவில் குருணை அடைத்திருக்கிறது. கையுறை போட்டுக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துச் சிம்னியை மெல்ல இரண்டு முறை குலுக்கினால் தூள் கீழே இறங்கி வழி திறக்கும்.

ஒரு பக்கம் மட்டும் வெண்மையாகி மறுபக்கம் கறுத்திருந்தால் காற்றுதான் காரணம். கோடையில் நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று எழுந்துவிட்டால் மொட்டைமாடியில் அது ஒரே திசையிலிருந்து நேராக அடித்துக்கொண்டிருக்கும். கைப்பிடிச் சுவர் ஓரமாக, சுவருக்கு ஒரு கை தூரம் தள்ளி வையுங்கள். அல்லது காற்று வரும் பக்கம் நான்கு செங்கற்களை அடுக்குங்கள். சிம்னியின் கைப்பிடி எப்போதும் காற்று வரும் பக்கம் இருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் இருந்தால் சுவாலை முழுவதும் கைப்பிடி மேல் சாய்ந்து, கடைசியில் அதைத் தொடவே முடியாது.

மேலே உள்ள கடைசித் துண்டு வரை நீறு பூத்து வெள்ளையாகட்டும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. அதற்குள் கீழே உள்ளவை பாதி கரைந்துவிட்டிருக்கும். மேலடுக்கின் ஓரம் சாம்பல் நிறமானால் போதும். அழுத்திச் செய்த கட்டிகளுக்கு மட்டும் முழுவதும் நீறு பூக்கும் வரை பொறுத்திருங்கள். பாதி வெந்த கட்டியின் நெடி மீனில் ஏறும்.

அறிகுறி 5: பொறி பறக்கிறது, கரி வெடிக்கிறது

ஈரமும், கரியோடு ஒட்டி வந்த மரப்பட்டையும்தான் வழக்கமான காரணங்கள். பட்டை ஒட்டிய துண்டுகளைப் பொறுக்கி விலக்கினால் பாதி குறையும். குனிந்து உள்ளே பார்க்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். பார்க்க வேண்டும் என்றால் பக்கத் துளைகளின் வழியாக, இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். நைலான் புடவை, பாலியஸ்டர் சட்டை, காற்றில் ஆடும் துப்பட்டா ஆகியவற்றோடு அருகில் நிற்க வேண்டாம். ஓலைக் கூரையோ காய்ந்த வைக்கோலோ பத்தடிக்குள் இருந்தால் சிம்னியை அங்கே மூட்டவே கூடாது. பொறி விழுந்து கூரை பற்றிவிட்டால் முதலில் ஆட்களை வெளியேற்றுங்கள், 101-ஐ அழையுங்கள். வாளியைத் தேடுவது அதற்குப் பிறகு.

அறிகுறி 6: சிம்னியில் நன்றாக இருந்தது, அடுப்பில் கொட்டியதும் மங்கிவிட்டது

முதலில் அடுப்பின் அடிக்காற்றுக் கதவைப் பாருங்கள். போன வாரத்துச் சாம்பல் அதை அடைத்துக்கொண்டிருப்பதைத்தான் பத்தில் ஆறு முறை காண்கிறேன். பிறகு கரி பரவியிருக்கும் விதத்தைப் பாருங்கள். ஒரு சிம்னிக் கங்கை அடுப்பு முழுவதும் மெல்லிய அடுக்காக இறைத்தால் ஒவ்வொரு துண்டும் தனித்தனியே குளிர்ந்துவிடும். இடுக்கியால் பாதி அடுப்புக்குள் ஒன்றோடொன்று தொடும்படி கூட்டிக் குவியுங்கள். மறுபாதி, வெந்த மீனை ஒதுக்கி வைக்கப் பயன்படும்.

மூடியை முழுவதும் இறுக மூடி, மேல் துளையையும் அடைத்துவிட்டு “அணைந்துபோச்சு சார்” என்று அழைப்பவர்களும் இருக்கிறார்கள். மேல் துளை திறந்திருக்க வேண்டும் என்பதைத் தவிர அவர்களுக்குச் சொல்ல வேறொன்றும் இல்லை.

நேரம் ஆக ஆகக் கரி தீர்ந்து மங்குவது வேறு. பன்னிரண்டு பேருக்கு மேல் சமைப்பதென்றால் முதல் சிம்னியைக் கொட்டியதும் இரண்டாவதை மூட்டிவிடுங்கள். பற்றாத கரியை நேராகக் கங்கின் மேல் போட்டால் மீன் வெந்துகொண்டிருக்கும்போதே புகை எழும்.

கொட்டும் முறை பற்றி ஒரு சொல். ஈரத்துணியைச் சுற்றிக் கைப்பிடியைப் பிடிக்க வேண்டாம். ஈரம் சூட்டை வேகமாகக் கடத்தி, ஆவியாகிக் கையைச் சுடும். இரும்புக் கடையில் கிடைக்கும் வெல்டிங் தோல் கையுறை போதும். மூடிய செருப்பு அணிந்து, வேட்டியோ லுங்கியோ மடித்துக் கட்டி, காற்று உங்கள் முதுகில் படும்படி நின்று, உங்களுக்கு எதிர்ப்புறமாகச் சாய்த்துக் கொட்டுங்கள்.

அறிகுறி 7: கைப்பிடி ஆடுகிறது, தட்டு இறங்குகிறது, குழல் துருப்பிடிக்கிறது

உப்புக்காற்றில் எந்த இரும்பும் நிலைக்காது. வெளியே விட்டுவைத்த சிம்னி எங்கள் தெருவில் இரண்டு மழைக்காலத்தைத் தாண்டுவதில்லை. ஆறிய பிறகு சாம்பலைத் தட்டிவிட்டு, சாக்கில் சுற்றி உள்ளே வைத்தால் ஆயுள் கூடும். சாம்பலோடு விடுவதுதான் பெரிய தவறு; அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு அடியிலிருந்து அரிக்கும்.

கைப்பிடி ஆடினால் திருகாணிகளை முடுக்கிப் பாருங்கள். கைப்பிடி ரிவெட்டால் பொருத்தப்பட்டிருந்தால், அது அலுமினியமா என்று காந்தத்தை வைத்துச் சோதியுங்கள். ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம்தான். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். நன்கு மூண்ட கரியின் சூடு அதையும் தாண்டக்கூடியது என்பதால், குழலோடு ஒட்டியிருக்கும் அலுமினிய ரிவெட் நாளடைவில் இளகிவிடும். அதை வெட்டி எடுத்துவிட்டு இரும்புத் திருகாணியும் மரையும் போடுங்கள். இருபது ரூபாய்க்குள் முடியும் வேலை.

உள்தட்டு வளைந்து இறங்கினாலும், குழலில் விரல் நுழையும் அளவுக்குத் துரு அரித்தாலும் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். தட்டை மாற்றி வைப்பது வெல்டருக்கு அரைமணி நேர வேலை. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கமோ கடலூர் முதுநகர் துறைமுகத்துப் பக்கமோ போனால் இதற்கு ஆள் கிடைப்பது கடினமல்ல. கைப்பிடி பொருந்தும் இடத்திலேயே குழல் அரித்துப் போயிருந்தால் வெல்டிங் செய்தும் பயனில்லை. கங்கு நிறைந்த குழல் கையோடு பிய்ந்து வரும். அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்.

புதிதாகச் செய்யச் சொல்பவர்கள் வெறும் இரும்புத் தகட்டில் செய்யச் சொல்லுங்கள். துத்தநாகம் பூசிய தகடு துருப்பிடிக்காது என்று பட்டறைக்காரர் நல்ல எண்ணத்தோடு பரிந்துரைக்கக்கூடும். பூப்பூவாக வெள்ளிப் பளபளப்பு தெரிந்தால் அது அந்தத் தகடுதான். துத்தநாகம் ஏறத்தாழ 420 டிகிரியிலேயே உருகிவிடும்; மேலும் சூடேறினால் அதன் ஆவி மூச்சில் ஏறிக் குளிர்காய்ச்சலை உண்டாக்கும். பழைய பெயிண்ட் டப்பாவைத் துளையிட்டுச் சிம்னியாக்குவதும் வேண்டாம்.

அறிகுறி 8: மறுநாள் காலையிலும் சாம்பல் சுடுகிறது

இதை யாரும் பிழையாக எண்ணி அழைப்பதில்லை. குப்பைத்தொட்டி எரிந்த பிறகுதான் அழைக்கிறார்கள். நீறு பூத்த நெருப்பு என்று சொல்வது வெறும் பேச்சல்ல. மேலே சாம்பல் மூடிய கங்கு உள்ளுக்குள் ஒரு நாள் முழுவதும் உயிரோடு இருக்கும். பிளாஸ்டிக் வாளியிலும் சாக்கிலும் அதைக் கொட்ட வேண்டாம். மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு மூடி, சிமெண்டுத் தரையில் இரண்டு நாள் விட்டுவையுங்கள். அவசரமென்றால் சிறிது சிறிதாகத் தண்ணீர் தெளித்துக் கிளறி, சீறல் சத்தம் முழுவதும் அடங்கிய பிறகு எடுங்கள். ஒரே வாளியாக ஊற்றினால் கொதியாவி முகத்தில் அடிக்கும். சூடான அடுப்பும் விரிசல் விடும்.

தோப்பிலோ கடலோரத்திலோ சமைத்தவர்கள் மிஞ்சிய கங்கை மணலில் குழி தோண்டி மூடிவிட்டு வருவதுண்டு. மணல் நெருப்பை மறைக்கும், சூட்டைக் காக்கும். மேலே ஓர் அடையாளமும் இருக்காது, விடியற்காலையில் அவ்வழியே நடப்பவர்கள் பெரும்பாலும் வெறுங்காலோடுதான் நடப்பார்கள். வாடகைத் தொகுப்பில் நான் அனுப்பும் தகர டப்பா அந்தக் கங்கைத் திருப்பிக் கொண்டுவருவதற்குத்தான். டப்பாவில் சாம்பலோடு அடுப்பு திரும்பி வந்தால் கழுவும் கூலியை நான் வாங்குவதில்லை.